முனையும் பிணைப்பும்

அம்பு என்ற சொல்லைக் கேட்டதும் அதன் கூர்முனையே நம் நினைவில் எழுகிறது. மண்ணும் அதையே நமக்காகக் காத்து வைத்திருக்கிறது. ஆதிச்சநல்லூரின் தாழிகளிடையே அலெக்சாண்டர் ரீ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகளுள் அம்புமுனைகளும் இருந்தன. அம்முனைகளைத் தாங்கிய தண்டும், முனையையும் தண்டையும் சேர்த்துக் கட்டிய நாரும் என்றோ மட்கிப்போயின. ஆனால் அம்பு செய்பவனின் திறமை பெரிதும் அந்த மட்கிப்போன இடத்தில்தான் இருந்தது. இதை எனக்கு உணர்த்தியவர் திண்டிவனத்தை அடுத்த ஓர் ஏரிக்கரைக் குடியிருப்பில் வாழ்ந்த இருளர் முதியவர் ஒருவர்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் இருளரை 'வில்லியர்' என்றும் அழைப்பதுண்டு. செங்கற்பட்டுப் பகுதி இருளருக்கு இப்பெயர் வழங்கியதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார். வில்லை ஏந்தியவர் என்பது பொருள். இன்று அவர்கள் கையில் வில் இல்லை. காடு சுருங்கியது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. செங்கல் சூளையும், மரம் வெட்டும் கூலியும், வயலில் எலி பிடித்தலும் பிழைப்பாயின. பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது.

அந்தப் பெயரே முதியவரின் பேத்திக்கு இடையூறாக வந்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த அப்பெண், மேற்படிப்புக்காகப் பழங்குடி இனச்சான்று கேட்டு மனுச் செய்திருந்தாள். "வில்லியர் என்கிறீர்களே, உங்கள் வில் எங்கே?" என்று அலுவலர் ஒருவர் கேட்டாராம். "கேக்கறாங்களே ஐயா, செஞ்சே காட்டிடுவோம்" என்று முதியவர் அம்பு செய்ய உட்கார்ந்துவிட்டார். சிறுவயதில் பாட்டனாரின் அருகிருந்து பார்த்தது அவர் விரல்களில் இன்னும் இருந்தது.

நிழலில் உலர்த்திய நாணல் தண்டைத் தணலில் காட்டி நிமிர்த்தினார். கணுவுக்குச் சற்று மேலே அதை வெட்டினார். உள்ளே செருகும் முனையின் வால் கணுவில் முட்டி நிற்கவேண்டும் என்றார். பெரிய ஆணியொன்றைக் காய்ச்சித் தட்டி முனையாக்கியிருந்தார். அதன் வாலை உருகிய அரக்கில் தோய்த்துத் தண்டினுள் செருகினார். பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றும். அவருக்கோ அப்போதுதான் வேலை தொடங்கியது. நீரில் ஊறி இளகிய மருள் நாரை எடுத்துத் தண்டின் வாயைச் சுற்றி, ஒரு சுற்றை மறுசுற்று நெருக்கும்படி, மூன்று விரற்கடை நீளத்துக்கு இறுகக் கட்டினார்.

"அம்பு போய்த் தைக்கறப்ப முனை நின்னுடும் ஐயா, தண்டு நிக்காது. வால் உள்ள ஆப்பு மாதிரி இறங்கும். கட்டு இல்லேன்னா தண்டு பொளந்துடும்" என்றார்.

உண்மைதான். நாணலின் நார்கள் நெடுக்கே ஓடுபவை. அவற்றைக் குறுக்கே சேர்த்துப் பிடிக்க அத்தண்டில் போதிய வலுவில்லை. ஆகவே நேர்விசையைத் தாங்கும் தண்டு, உள்ளிருந்து ஆப்பு விரிக்கும்போது எளிதில் பிளந்துவிடுகிறது. சுற்றிக் கட்டிய நார் அக்குறையை நிறைவு செய்கிறது. அம்பின் விசை எவ்வளவு கடியதோ அவ்வளவுக்கு உறுதி அந்தக் கட்டுக்கு வேண்டும்.

நம் நாட்டின் சட்டங்களும் கூர்மையாகவே வடிக்கப்பட்டுள்ளன. தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் இருளர் இடம்பெற்றுள்ளனர். கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமானபோது, அதுவரை கடலூரில் இருந்த மாவட்டத் தலைமையிடம் இவ்வூர்களுக்கு அருகிலேயே வந்தது. முனையில் குறைவில்லை. ஆனால் அம்முனையை ஓர் ஏழைக் குடிசையோடு பிணைக்கும் கட்டு எங்கே? அது தளர்ந்திருக்கும் இடத்தில், சட்டம் எவ்வளவு கூரியதாயினும், முதல் மோதலில் பிளந்துபோவது அக்குடிசையின் குழந்தையே.

முதியவர் அந்த அம்பை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லவில்லை. "ஆயுதத்தோட வந்தான்னு எழுதிட்டா என்ன பண்றது, தாத்தா?" என்று பேத்தி தடுத்துவிட்டாள். அது கூரையில் செருகியபடியே இருந்தது. சான்று கைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் மனு எழுதித் தந்த ஓர் ஆசிரியை, உறவினர் வீடுகளில் பழைய சான்றுகளைத் தேடித் திரட்டிய ஓர் இளைஞர், ஒருநாள் கூலியை விட்டு உடன்வந்த அண்டை வீட்டுப் பெண், பேருந்துக் கட்டணத்தைக் கையில் திணித்த கடைக்காரர் என எத்தனையோ கைகள் அக்குடும்பத்தைச் சுற்றி நின்றன. எந்தக் கோப்பிலும் அவர்கள் பெயர் இல்லை. அப்பெண் இன்று செவிலியர் பயிற்சி பெறுகிறாள்.

திருப்பாடல் 127 இளமையில் பெற்ற பிள்ளைகளை வீரனின் கையிலுள்ள அம்புகளுக்கு ஒப்பிடுகிறது. கையில் வில்லே இல்லாத தகப்பனின் பிள்ளைகள் எவருடைய அம்புகள்? நம் பங்கிலும் ஊரிலும் சான்றுக்காக, பள்ளிக்காக, கூலிக்காக வாசல் வாசலாக நிற்கும் குடும்பங்கள் உள்ளன. அவர்களோடு ஒருநாள் வரிசையில் நிற்பதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. இரும்புமுனை காலங்கடந்து அருங்காட்சியகத்தில் நிற்கும், நார் மட்கிப்போகும். ஆயினும் அம்பு பிளவாமல் இலக்கைச் சேர்ந்தது அந்த நாரால்தான்.