சூட்டோடு அளந்த துளை

ஜனவரி 9

எட்டாம் பருவம் தொடங்கிவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி மெக்கானிக்கல் இறுதியாண்டு புராஜெக்டுக்கு 10 கிரெடிட், வாரம் 20 பீரியட். நான் வழிகாட்டும் குழுவில் நான்கு பேர். அதில் சூளகிரிப் பையன் ஒருவன் முதல் நாளே, "மேடம், பெங்களூர்ல ரெடிமேடா கிடைக்குது, ரிப்போர்ட்டோட" என்றான். ஒளிக்காமல் சொன்னானே, அதுவரை சந்தோஷம். அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டுமில்லை, இந்தப் பக்கமும் அந்த வியாபாரம் உண்டு.

ஜனவரி 23

தலைப்பு: கேமராவும் ஏ.ஐ.யும் வைத்துப் பழுது கண்டுபிடிப்பது. எந்தப் பொருளில், என்ன பழுது என்றால் பதில் இல்லை. முதல் ஸ்லைடில் ஏத்தர் ஸ்கூட்டர். ஐஐடி மெட்ராஸில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய நிறுவனம். தொழிற்சாலை நம் ஓசூரில். அவர்கள் முதலில் பேட்டரி செய்யத்தான் நினைத்தார்கள், வண்டியே சரியில்லை என்று தெரிந்த பிறகுதான் முழு ஸ்கூட்டருக்குப் போனார்கள் என்று சொன்னேன். ஸ்லைடை எடுத்துவிட்டார்கள். நான் சொன்னது அதற்காக இல்லை.

பிப்ரவரி 6

பழுதை நேரில் பார்க்க மாணவர்களோடு சிப்காட்டில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்குப் போனேன். அசோக் லேலண்ட், டிவிஎஸ் போன்ற பெரிய ஆலைகளை நம்பி இங்கே முளைத்தவை எத்தனையோ. 50 மி.மீ. துளையுள்ள அலுமினிய பீஸ். இங்கே பாஸ் ஆனது, வாங்கும் கம்பெனியில் ரிஜெக்ட் ஆகித் திரும்புகிறது. சிஎன்சி ஓட்டும் தேன்கனிக்கோட்டைக்காரர் சிரித்தார்: "தம்பி, மிஷின்லேர்ந்து எடுத்த சூட்டோட கேஜ் போட்டா போகத்தான் செய்யும். டீ குடிச்சிட்டு வந்து போட்டுப் பாருங்க."

குடித்துவிட்டு வந்தார்கள். கேஜ் நுழையவில்லை.

பிப்ரவரி 7

மாணவர்கள் நேற்று இரவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். 50 மி.மீ. துளை, 10 டிகிரி வித்தியாசம்: 11.5 மைக்ரான். இந்தத் துளைக்கு அனுமதிக்கும் ஹெச்7 டாலரன்ஸே 25 மைக்ரான்தான். கிட்டத்தட்ட பாதி சூட்டிலேயே போகிறது. அளவுகளுக்கான உலக அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி என்று இரண்டாம் ஆண்டில் நானே நடத்தியது. அப்போது அது இரண்டு மார்க் கேள்வி. சூத்திரம் இவர்களிடம் இருந்தது, விஷயம் அவரிடம் இருந்தது; அந்தப் பட்டறைக்குள் கால் வைக்காமல் இரண்டும் சந்தித்திருக்காது.

கேமரா கைவிடப்பட்டது.

மார்ச் 18

பீஸை ஆறவைக்க ஒரு ஸ்டாண்ட், சின்ன ஃபேன், வெப்பநிலை சென்சார். முதல் ஃபேன் பட்டறைத் தூசியை எல்லாம் துளைக்குள் ஊதியது. ஃபில்டர் போட்டார்கள். பார்க்க அழகாக இல்லை. திரும்பி வருவது குறைந்திருக்கிறது என்கிறார் முதலாளி; எவ்வளவு என்று எண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 12

ரிப்போர்ட்டில் கேமராவும் இல்லை, தூசியும் இல்லை. எல்லாம் முதல் நாளிலிருந்தே திட்டமிட்டது போல எழுதியிருக்கிறார்கள். கேட்டால், "எக்ஸ்டர்னல் மார்க் குறைப்பாங்க மேடம்." பயம் நியாயமானதுதான். விட்டுப்போனதை ஓர் அத்தியாயமாகச் சேர்த்துக்கொண்டு வந்தால்தான் கையெழுத்து என்று திருப்பி அனுப்பினேன்.

வைவாவுக்கு வெளித்தேர்வாளராகப் போகும் நண்பர்களுக்கு: ஓடுகிற மாடலைக் கடைசியில் பாருங்கள். முதலில், எது ஓடவில்லை என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்கியவனிடம் அதற்குப் பதில் இருக்காது.