இருக்கையற்ற துவிச்சக்கரவண்டி

கருவி மனித உறுப்பின் நீட்சி என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. கோடரி கையின் நீட்சியாயின், சில்லு காலின் நீட்சி எனலாம். கருவிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அது பெரும்பாலும் சேர்த்தலின் வரலாறாகவே அமைந்திருப்பதைக் காணலாம். துவிச்சக்கரவண்டியும் இதற்கு விலக்கன்று. மணியும் விளக்கும், மட்காட்டும் கரியரும், பின்னர் பல படிகள் கொண்ட கியரும் என அது காலந்தோறும் சேர்த்துக்கொண்டவை பல. ஆயின் இவ்வண்டியின் ஒரு கிளை மாத்திரம் எதிர்த்திசையில் வளர்ந்துள்ளது. ஐரோப்பாவில் ‘ட்ரயல்ஸ்’ என வழங்கும் தடைகடப்புப் போட்டிக்கென உருவாக்கப்படும் வண்டியே அது. அவ்வண்டியின் புதிய சட்டகங்களும் புதிய உறுப்புகளும், எதனைக் கூட்டலாம் என்ற வினாவிலிருந்தன்றி, எதனை நீக்கலாம் என்ற வினாவிலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்றன. அவ்வாறு நீக்கப்பட்டவற்றுக்கு யார் விலை செலுத்துகின்றனர் என்பதே சிந்திக்கத்தக்கது.

ட்ரயல்ஸ் வேகத்தை அளக்கும் போட்டியன்று. ஒழுங்கற்ற பாறைகள், மரக்குற்றிகள், சீமெந்துக் கட்டுகள் ஆகியவற்றின்மேல், குறிக்கப்பட்ட எல்லைக்குள், கால் நிலத்திற் படாது வண்டியைச் செலுத்துதல் வேண்டும். மரபான விதிப்படி ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு தண்டப்புள்ளி. ஐந்து புள்ளிகள் சேர்ந்தால் அப்பகுதியில் தோல்வி. தேர்ந்த வீரர் பின்சில்லொன்றில் மாத்திரம் நின்று, மிதியை ஒருமுறை உதைத்து, மார்பளவு உயரமான கட்டின்மேல் தாவி, அங்கும் பின்சில்லிலேயே நிலைகொள்கின்றார். பார்ப்போருக்கு இது வித்தைபோலத் தோன்றினும், உண்மையில் உடலும் உலோகமும் ஒன்றையொன்று நம்பும் கணமே அது.

இவ்விளையாட்டின் மூதாதை மோட்டார் சைக்கிளாகும். ஸ்கொட்லாந்தின் புகழ்பெற்ற ஆறுநாட் போட்டியின் வேர்கள் 1909 ஆம் ஆண்டுவரை செல்கின்றன. நெடுங்காலம் அத்துறையில் ஆட்சி செலுத்தியவை கனமான பிரித்தானிய இயந்திரங்களே. அந்நிலையை மாற்றியவர் சமி மில்லர். ஏரியல் நிறுவனத்தின் 500 கன சென்ரிமீற்றர் வண்டியில் வெற்றிகள் பல கண்ட அவர், 1964 இல் ஸ்பெயினின் புல்ராக்கோ நிறுவனத்தோடு சேர்ந்து, அதன் ஏறத்தாழ அரைவாசிக் கொள்ளளவே உடைய இலேசான வண்டியொன்றை உருவாக்கினார். 1965 இல் அவ்வண்டியிலேயே ஆறுநாட் போட்டியை வென்றார். வலு குறைந்தது, எடையும் குறைந்தது, ஆற்றல் கூடியது. கழித்தலின் தத்துவம் அன்றே நிறுவப்பட்டுவிட்டது.

அத்தத்துவத்தை அதன் இறுதி எல்லைவரை கொண்டுசென்ற இடம் கத்தலோனியா. பார்சிலோனாவின் மொன்ரேசா மோட்டார் சைக்கிள் நிறுவனத்திற் பணியாற்றிய பெரே பி என்பாரின் மகன் ஓட் பி, மோட்டார் வண்டிக்குரிய வித்தைகளைத் துவிச்சக்கரவண்டியிற் பழகினான். 1970களின் பிற்பகுதியில் அச்சூழலிலிருந்தே சிறுவர்க்கான ட்ரயல்ஸ் வண்டிகள் தோன்றின. அவற்றின் விளையாட்டு ‘ட்ரயல்சின்’ எனப் பெயர்பெற்றது. ‘சின்’ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு ‘இன்றி’ என்பது பொருள். மோட்டார் இன்றிய ட்ரயல்ஸ் என்பதே அப்பெயரின் கருத்து. இன்மையையே பெயராகக் கொண்ட விளையாட்டு வேறு உளதோ என்பது ஐயமே. அச்சிறுவன் பிற்காலத்தில் பலமுறை உலகப் பட்டம் வென்றமை வரலாறு.

மோட்டாருக்கு அடுத்ததாக நீங்கியது இருக்கை. ஓட்டுநர் ஒருபோதும் அமர்வதில்லை. ஆகவே அமர்வதற்கான இடம் உடலின் அசைவுக்குத் தடையாயிற்று. இன்றைய போட்டி வண்டிகளிற் பலவற்றில் இருக்கையைப் பொருத்தும் குழாய்கூட இல்லை. கியரும் நீங்கியது. 20 அங்குலச் சில்லுகொண்ட வண்டியில் முன்னே 18 பற்களும் பின்னே 12 பற்களும், 26 அங்குல வண்டியில் 18 உம் 15 உமாக ஒரேயொரு விகிதமே பெருவழக்கு. சட்டகத்தின் வடிவமும் மாறியது. சாதாரண வண்டியில் மிதிகளைத் தாங்கும் அச்சு சில்லுகளின் அச்சுக்குக் கீழே இருக்கும். ட்ரயல்ஸ் வண்டியில் அது மேலே உயர்ந்துவிட்டது. சில சட்டகங்களில் 8 சென்ரிமீற்றருக்கு மேலாகவும் உயர்ந்துள்ளது. பின்சில்லில் எழுந்து நிற்பதை இவ்வுயரம் எளிதாக்குகின்றது. ஆயின் இரு சில்லுகளும் நிலத்திலுள்ளபோது இருந்த பழைய உறுதியை அது குறைத்துவிடுகின்றது என்பதும் மறுப்பதற்கில்லை.

இலேசில் கண்ணுக்குப் புலப்படாத மாற்றம் பிறீவீலில் நிகழ்ந்தது. போட்டி வண்டியிற் பிறீவீல் பின்சில்லில் அன்றி, முன்னே கிராங்கிலேயே பூட்டப்படுவது வழக்கம். பிறீவீலின் உள்ளே பற்களைக் கொளுவிகள் பற்றும்வரை மிதி வெறுமனே நகரும். சுற்றொன்றுக்கு 18 இடங்களிற் பற்றும் சாதாரண பிறீவீலொன்றைக் கிராங்கிற் பூட்டினால், அவ்வெறும் நகர்வு 20 பாகைவரை செல்லலாம். 175 மில்லிமீற்றர் நீளமான கிராங்கின் நுனியில் அது ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். 72 இடங்களிற் பற்றும் பிறீவீலில் அது 5 பாகையாகவும், 108 இடங்களிற் பற்றுவதில் 3.3 பாகையாகவும் சுருங்கும். அதாவது, ஒரு சென்ரிமீற்றர் அளவே. நிலத்திற் செல்வோருக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. ஒடுங்கிய மதில் விளிம்பிற் பின்சில்லோடு நிற்பவருக்கோ, அந்த ஐந்து சென்ரிமீற்றரே நிற்றலுக்கும் வீழ்தலுக்கும் இடைப்பட்ட தூரமாகும்.

தடுப்புக் கருவியின் கதையும் இத்தகையதே. கம்பியால் இழுபடும் பிறேக்கின் தளர்வை நீக்கியது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிறேக். ஜேர்மனியின் மகுரா நிறுவனம் 1987 முதல் செய்துவரும் றிம் பிறேக் இத்துறையில் நீண்டகாலம் கோலோச்சியது. அதுவும் போதாதென்று ஓட்டுநர் றிம்மின் பக்கங்களை அரைக்கும் இயந்திரத்தாற் சுரண்டிச் சொரசொரப்பாக்கினர். பிறேக் இறுகும்போது சட்டகத்தின் பின்தண்டுகள் வெளியே வளைவதைத் தடுக்கக் குதிரைலாட வடிவான தகடு பூட்டினர். புதிய சட்டகங்களோ நான்கு ஆணிகளால் பிறேக்கை நேரே இறுக்கிப் பிடிக்கின்றன. இவ்வுறுப்புகள் அனைத்தினதும் நோக்கம் ஒன்றே. மனிதனின் எண்ணத்துக்கும் உலோகத்தின் செயலுக்கும் இடையிலுள்ள தாமதத்தை நீக்குவதே அது. அத்தாமதம் நீங்க நீங்க, தவறுக்கு வண்டியைக் காரணங்காட்டும் வாய்ப்பும் நீங்குகின்றது.

இதுவரை கூறியவை கழித்தலின் பேறுகள். அதன் கடனையும் நோக்குதல் வேண்டும். முந்திய சட்டகங்களிற் பெருவழக்காயிருந்த உருக்கின் இடத்தை அலுமினியக் கலப்புலோகம் பிடித்துக்கொண்டது. இப்போது காபன் நாரும் வந்துள்ளது. முழு வண்டியின் எடை ஏழெட்டுக் கிலோகிராம் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆயின் உருக்குக்கும் அலுமினியத்துக்கும் இடையே அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. ஒரு குறித்த எல்லைக்குட்பட்ட சுமை எத்தனைமுறை மீண்டும் மீண்டும் வந்தாலும் உருக்கு அதனைத் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. ஒவ்வொரு தாவலும், ஒவ்வொரு வீழ்ச்சியும் அதன் ஆயுட்கணக்கிற் பதிவாகிக்கொண்டே வருகின்றன. உலோகத்தின் களைப்பு எனப் பொறியியலார் கூறுவது இதனையே. முன்தலைக் குழாயின் ஒட்டிலோ, மிதியச்சின் அருகிலோ மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். காபன் நாரிலோ உட்சேதம் வெளியே தெரியாமலும் இருக்கக்கூடும். இலேசான சட்டகம் எடையை இழக்கவில்லை. தன் ஆயுளின் ஒரு பகுதியையே இழந்திருக்கின்றது.

நிறுவனத்தின் ஆதரவிற் புதிய சட்டகம் பெறும் முன்னணி வீரருக்கு இது பேரிடரன்று. வெடிப்புக் கண்டதும் மாற்றிக்கொள்வார். அவர் கைவிட்ட சட்டகம் இரண்டாங்கை, மூன்றாங்கை மாறி, மலிவு விலையில் ஒரு மாணவனை அடைகின்றது. அதன்மேற் புதிய வண்ணம் பூசப்பட்டிருக்கலாம். எத்தனை ஆயிரம் தாவல்கள் அதனுள் ஏற்கெனவே செலவாகிவிட்டன என்பதை அவன் அறியான். வீரர் நுகர்ந்த இலேசின் விலையை, வீரரைப் பார்த்துப் பழகும் சிறுவன் தன் முழங்காலாலும் முகத்தாலும் செலுத்த நேர்கின்றது. வசதியுள்ளோரின் ஆற்றலுக்கு வசதியற்றோரின் உடல் பிணையாகும் முறைமை இவ்விளையாட்டிலும் இவ்வாறு புகுந்துகொள்கின்றது. எடையைக் கிராம் கணக்கிற் கூறி விற்போர், எத்தகைய பாவனைக்கு எவ்வளவு காலம் அச்சட்டகம் உரியது என்பதையும் அதே துல்லியத்தோடு கூறக் கடமைப்பட்டவர்கள்.

கழித்தலே எப்போதும் முன்னேற்றம் என்பதும் பொருந்தாது. ஸ்கை தீவில் பிறந்த டனி மக்கஸ்கில் எடின்பரோ நகரின் மதில்களிலும் வேலிகளிலும் வண்டியோட்டிய குறும்படம் 2009 இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. அவர் ஓட்டியது இன்ஸ்பயேர்ட் நிறுவனத்தின் 24 அங்குலச் சில்லு வண்டி. நகர்ப்புறத் தாவல்களுக்கென அமைந்த அவ்வகை வண்டிகள் போட்டி வண்டிகளைவிடச் சற்றுக் கனமானவை. அவற்றிற் சிறிய இருக்கையொன்றும் திரும்பி வந்துவிட்டது. கூரிய முனைகள் கொண்ட இரும்பு வேலியின்மேல் ஓட்ட முயன்று அவர் மீண்டும் மீண்டும் தோற்பதையே அப்படம் முதலிற் காட்டுகின்றது. அத்தனை வீழ்ச்சிகளையும் தாங்கக்கூடிய சட்டகம் இருந்தமையாலேயே இறுதி முயற்சி கைகூடிற்று. பயிற்சி என்பது பலமுறை வீழ்தலாயின், வீழ்தலைத் தாங்கும் உறுதியே பயில்வோனுக்கு முதற்றேவை. பழகத் தொடங்கும் ஒருவனுக்கு உலக வீரரின் மிக இலேசான சட்டகத்தைப் பரிந்துரைப்போர் அவனுக்கு நன்மை செய்பவராகார்.

ஆகவே புதிய சட்டகமொன்றை மதிப்பிடும்போது தராசு மாத்திரம் போதாது. நீக்கப்பட்ட பொருள் உண்மையிற் தேவையற்றதா, அன்றி அதன் பணி ஓட்டுநரின் உடல்மீது சுமத்தப்பட்டுள்ளதா என்பதே கேட்கத்தக்க வினா. இருக்கையை நீக்கியபோது நீங்கியது தேவையற்ற பொருள். குழாயின் சுவரை மெலிதாக்கியபோது நீங்கியது பாதுகாப்பின் ஒரு பங்கு. இரண்டும் தராசில் ஒன்றாகவே தெரியும். மதிலின் மேல் நிற்பவனுக்கு அவை ஒன்றல்ல.