மூன்று பேர் சொன்ன ஓர் எண்

எங்கள் பக்கத்தில் மழை விடாமல் பெய்தால் பெரியவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, மலையைத்தான் பார்ப்பார்கள். 2016 மே 17க்குப் பிறகு வந்த பழக்கம் அது. அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது. அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. நான் அப்போது சின்ன வகுப்பு. வாப்பாவின் கடையில் ரேடியோ ஒரு தொகை சொன்னது, பேப்பர் ஒரு தொகை சொன்னது, சாமான் வாங்க வந்தவர்கள் இன்னொரு தொகை சொன்னார்கள். எதை நம்புவது என்று தெரியாமல் பெரியவர்கள் தடுமாறியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவுக்கு வந்ததும் செயற்றிட்டத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று டீச்சர் கேட்டார். யோசிக்காமலே மழைமானி என்றேன்.

அதன் அமைப்பு எளிது. புனலில் விழும் மழை அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் சேரும். கிண்ணம் நிறைந்ததும் சீசோப் பலகை போலச் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். மறுபக்கக் கிண்ணம் மேலே வரும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு காந்தம் ஆளியைக் கடக்க, ஆர்டுயினோ ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். சாய்வுகளை மில்லிமீற்றராக மாற்ற ஓர் எண் வேண்டும். கருவியின் உயிரே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

தேடினேன். ஒரு யூடியூப் காணொளியில் 0.2794 என்றிருந்தது. இந்தியப் பொறியியல் மாணவர் ஒருவர் எழுதிய நிரலிலும் 0.2794. கடைசியாகச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். அதுவும் தயக்கமே இல்லாமல் 0.2794 என்றது. மூன்று பேர் ஒன்றையே சொன்னால் பிறகென்ன சந்தேகம்? அப்படியே எழுதிக்கொண்டேன். கடை முற்றத்தில் கருவியைப் பொருத்தியபோது வாப்பா மட்டும், "இது ஆரு அளந்த கணக்கு மகள்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்டர்நெட் என்றேன்.

ஐப்பசி மழையில் ஓர் இரவு. சுபஹுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கீழ் லயத்துப் பாட்டி டோர்ச்சுடன் வந்து கதவைத் தட்டினார்.

"பாப்பா, ஒம் மெசினு என்னா சொல்லுது?"

சிவப்பு எழுத்தில் 54 என்று ஒளிர்ந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் எல்லைகள் எனக்கு மனப்பாடம்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் தயாராக வேண்டும், 150 ஆனால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால் வெளியேற வேண்டும்.

"54தான் பாட்டி. பயப்பட வேணாம்."

பாட்டி போகவில்லை. "பீலித் தண்ணி கலங்கி வருதே பாப்பா" என்று முனகிக்கொண்டு நின்றார். பிறகு என் மெசினைப் பொருட்படுத்தாமல் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார். மழையும் விட்டுவிட்டது. ஆறு மணியளவில் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து அவருடைய குசினிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. வழக்கமாக அந்நேரத்தில் அடுப்பு மூட்டுகிறவர் அவர். அன்று குசினியில் யாருமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

எட்டரைக்குத் தோட்டத்து ஒபிஸில் கிளாக்கர் ஐயா செம்பு மழைமானியை வாசித்தார். 97. என் கருவியில் இன்னும் 54தான்.

அன்று பாடசாலைக்குப் போகவில்லை. மருந்து ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். என் கிண்ணம் சாய 10 மில்லிலீற்றர் தேவைப்பட்டது. என் புனலின் விட்டம் 16 சென்ரிமீற்றர். வாய்ப்பரப்பு ஏறத்தாழ 201 சதுர சென்ரிமீற்றர். அந்தப் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை என்பது 20 மில்லிலீற்றர் தண்ணீர். ஆகவே என் கருவியில் ஒரு சாய்வு அரை மில்லிமீற்றர். இரவு முழுக்க அது 193 தடவை சரியாகவே சாய்ந்திருக்கிறது. பெருக்கிய எண்தான் பிழை.

0.2794 எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனேன். காணொளிக்காரர் வேறொருவரின் நிரலை எடுத்திருந்தார். இந்திய மாணவரும் அதே நிரலைத்தான் எடுத்திருந்தார். கடைசியில் அமெரிக்காவின் ஸ்பார்க்ஃபன் நிறுவனம் விற்கும் வானிலைக் கருவியின் விளக்கத்தாளில் போய் நின்றது. அந்தக் கருவியின் ஒரு சாய்வு 0.011 அங்குலம், மில்லிமீற்றரில் 0.2794. அந்தத் தாளில் பிழையே இல்லை. அது அந்தப் புனலுக்கும் அந்தக் கிண்ணத்துக்கும் உரிய எண். மூன்று சாட்சிகள் என்று நான் நினைத்தது ஒரே சாட்சி. அந்தச் சாட்சியும் என் கருவியைப் பற்றிப் பேசவில்லை.

வெட்கமாக இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இது நான் படிக்காத பாடம் அல்ல. செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தை மனனம் செய்தவள் நான். ஒரு ஹதீஸைப் பல பேர் அறிவித்தார்கள் என்பது மட்டும் போதாது, அறிவிப்பாளர் தொடரின் ஒவ்வோர் அடுக்கிலும் பலர் இருந்தால்தான் அது முதவாதிர், நடுவில் ஓர் அடுக்கு ஒருவரில் சுருங்கினால் அந்த ஒருவரைத்தான் ஆராய வேண்டும் என்று இஸ்லாம் பாடத்தில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். சொன்னவரும் கேட்டவரும் சந்தித்திருக்கிறார்களா என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தேடினார்கள். நான் கொப்பியை மூடிவிட்டுப் போனைத் திறந்தபோது இவையெல்லாம் கொப்பிக்குள்ளேயே இருந்துவிட்டன.

பாட்டி சொல்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. பௌர்ணமி கழிந்தால் மண் சரியாது என்பார். அதற்கு அவரிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது மண்சரிவின் முன்னறிகுறி என்று அதிகாரிகளும் அறிவுறுத்துகிறார்கள். அதை அவர் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. குடத்தை வைத்தபோது தன் கண்ணால் கண்டது.

இப்போது கருவிப் பெட்டிக்குள் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறேன். 0.50, அளந்த திகதி, அளந்தவள் பெயர். வாப்பா வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் கிளாக்கர் ஐயாவின் கணக்கோடு ஒப்பிடுகிறேன். பலத்த மழையில் என்னுடையது இன்னும் மூன்று நான்கு மில்லிமீற்றர் குறைவாகவே காட்டுகிறது. முற்றத்துப் பலாமரத்தின் கிளை மறைக்கிறது என்று நினைக்கிறேன். விடுமுறைக்குக் கருவியை வெட்டவெளிக்கு மாற்றி அளந்து பார்க்க வேண்டும்.