அடுத்தடுத்த இரண்டு கூடாரங்கள்

பெரியவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுகிறார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, பிளக்கின் நுனியைக் கண்ணருகே கொண்டுபோகிறார். உள்ளே இருக்கும் பீங்கான் பழுப்பாக இருந்தால் கவலை இல்லை. வெளுத்திருந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இன்னும் சில சுற்றுகள் அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகும். பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார். மழை ஓய்ந்து காற்று குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டரைத் திறந்து பித்தளை ஜெட் ஒன்றை எடுத்துவிட்டு, துளை சற்றே பெரிதான இன்னொன்றைத் திருகி மூடுகிறார்.

அமெரிக்காவின் மிட்-ஓஹையோ பந்தயத் தடத்தில், கார்களை நிறுத்திப் பழுது பார்க்கும் பேடாக். தொலைக்காட்சியில் பார்க்கும் ஃபார்முலா ஒன் பளபளப்பு இங்கே மருந்துக்கும் கிடையாது. நான்கு காலும் மேலே ஒரு துணியுமாகக் கூடாரங்கள். அவற்றுக்குப் பின்னால் காரை ஏற்றிவந்த டிரெய்லர்கள். பலருக்கு இரவில் படுக்கையும் அந்த டிரெய்லர்தான். திங்கட்கிழமை ஆனால் இவர்கள் எல்லோரும் வேறு வேலைக்குப் போகிறவர்கள். பரிசுப் பணம் என்று எதுவும் இல்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

பெரியவரின் கார் ஒற்றை இருக்கை கொண்டது. சக்கரங்கள் நான்கும் உடலுக்கு வெளியே. ஓட்டுபவரோடு சேர்த்தே 400 கிலோவைச் சுற்றித்தான் வரும். பின்புறம் இருப்பது கார் எஞ்சினே இல்லை. வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் பனிமேல் சறுக்கி ஓடும் ஸ்னோமொபைல் என்ற வண்டியின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் அது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். கியர் கிடையாது, கிளட்ச் மிதி கிடையாது. ஒரு முரட்டு ரப்பர் பெல்ட், அதன் இரு முனையிலும் விட்டம் மாறும் கப்பிகள். வேகம் ஏற ஏற ஒரு கப்பி விரியும், மற்றது ஒடுங்கும். பின் அச்சு ஒரே தண்டு, டிஃபரன்ஷியல் கிடையாது. சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் இல்லை, ஷாக் அப்சார்பர் இல்லை. அந்த இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் வில்லைகள். கெட்டி ரப்பரா, மெத்தென்ற ரப்பரா என்று தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேல் செலவு செய்ய வழியில்லை.

வழியில்லாமல் செய்ததுதான் இந்தப் பந்தய வகுப்பின் சாமர்த்தியம். அமெச்சூர் பந்தயக்காரர் கையில் பணம் இருந்தால் ஷாக் அப்சார்பரில் கொட்டுவார், அப்புறம் கியர்பெட்டியில் கொட்டுவார். பக்கத்துக் கூடாரத்துக்காரர் கொட்டிவிட்டாரே என்று இவரும் கொட்டுவார். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1944-ல் தொடங்கிய எஸ்சிசிஏ, 1980-களில் இந்த வகுப்பை ஃபார்முலா 440 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டபோது விதிகளே கஜானாவுக்குப் பூட்டாக இருந்தன. கவாசாகியின் 440 சிசி ஸ்னோமொபைல் எஞ்சின் அப்போது சல்லிசாகக் கிடைத்தது. பிறகு ரோடாக்ஸின் 500 சிசி எஞ்சின்கள் வந்தன. பெயரும் ஃபார்முலா 500 ஆயிற்று.

அதற்குள் ஸ்னோமொபைல் உலகம் மாறிவிட்டது. புகை விதிகள் இறுகின. நிறுவனங்கள் நேரடி எரிபொருள் செலுத்தும் எஞ்சின்களுக்கும் நான்கு ஸ்ட்ரோக்குக்கும் நகர்ந்தன. பழைய கார்புரேட்டர் எஞ்சின்கள் தயாரிப்பிலிருந்தே போய்விட்டன. கிராங்க் தண்டும் சிலிண்டரும் கடையில் கேட்டால் கிடைக்காது; யாராவது வீட்டுக் கொட்டகையில் வைத்திருந்தால் உண்டு. மலிவுக்காக எழுதிய விதியைத் தொடாமல் அப்படியே காப்பாற்றினால், ஒரு கட்டத்தில் அந்த விதியே செலவைக் கூட்டத் தொடங்கிவிடுகிறது. ஊரில் எது மிகுந்து கிடக்கிறதோ அதுதான் மலிவு. மிகுந்து கிடப்பது இருபது வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது.

இப்போது அமெரிக்காவில் மிகுந்து கிடப்பது விபத்தில் சிக்கிய பைக்குகள். இதே வகுப்பில் ஓடும் அடுத்த கூடாரத்துப் பெண்ணின் காரில் இருப்பது அப்படி ஒன்றின் எஞ்சின்தான்: சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600. முன் போர்க் வளைந்து, டேங்க் நசுங்கினால் இன்சூரன்ஸ்காரர் பைக்கையே கழித்துக்கட்டிவிடுவார். எஞ்சினுக்கு ஒரு கீறல் கூட இருக்காது. உடைத்து விற்கும் கடையிலிருந்து எஞ்சினையும் அதன் ஒயரிங்கையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் சேர்த்தே வாங்கிவருகிறார்கள். 600 சிசி, நான்கு சிலிண்டர், நூறு குதிரைசக்திக்குக் குறையாத திறன், கூடவே ஆறு கியர் கொண்ட பெட்டியும் அதே வார்ப்புக்குள்ளேயே. கார்புரேட்டர் இல்லாததால் ஜெட் மாற்றும் வேலையும் இல்லை. பெரியவர் பிளக்கை முறைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க இந்தப் பெண் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

ஆனால் பைக் எஞ்சினுக்குத் தான் காருக்கு வந்துவிட்டது தெரியாது. சைடு ஸ்டாண்ட் மடக்கியிருக்கிறதா என்று அது இன்னும் தேடும். இல்லாத ஸ்டாண்டின் ஸ்விட்சை இரண்டு ஒயர்களை முறுக்கிச் சேர்த்து ஏமாற்ற வேண்டும். வண்டி சாய்ந்து விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் ஒன்றும் உண்டு. அதை நிமிர்த்தி வைத்துப் பொருத்தாவிட்டால், அசையாமல் நிற்கும் காரையே விழுந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடும்.

உயிர்ப் பிரச்சினை எண்ணெய். வளைவில் பைக் உள்பக்கம் சாய்வதால் அடித்தொட்டியில் எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். கார் சாயாது. வளைவில் எண்ணெய் மொத்தமும் ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ள, உறிஞ்சு குழாய் வெறும் காற்றை இழுக்கும். நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சுழலும் கிராங்க் தண்டு எண்ணெய் இல்லாமல் சில விநாடிகள் ஓடினாலே பேரிங் போயிற்று. அவள் குனிந்து தடவிப் பார்ப்பது அந்த அடித்தொட்டியைத்தான். உள்ளே எண்ணெய் ஓடிவிடாமல் தடுக்கும் தகடுகள் வைத்து மாற்றியமைத்தது. விரலில் எண்ணெய்க் கசிவு இல்லை என்று கண்டதும் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்கிறாள்.

பைக் எஞ்சினைக் காரில் வைப்பது இவர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. உலகப் போர் முடிந்ததும், 1946-ல், லண்டனை ஒட்டிய சர்பிட்டனில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜான் கூப்பரும் இதைத்தான் செய்தார்கள். இரண்டு ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பக்கங்களை முன்னும் பின்னுமாக ஒட்டவைத்து, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் 500 சிசி ஜேஏபி பைக் எஞ்சினைப் பொருத்தினார்கள். எஞ்சின் பின்னால் போனதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. சக்கரத்துக்குச் சங்கிலி போட அதுதான் வசதி. அந்த வகைக் காரில்தான் 1948-ல், பின்னாளில் பெரும் பந்தய வீரரான ஸ்டிர்லிங் மாஸ் பந்தயத்துக்குள் வந்தார். 1959-ல் ஜாக் பிராபம் பின்புற எஞ்சின் கூப்பரில் உலக சாம்பியன் ஆனார். அதற்குச் சில வருஷங்களில் முன்புற எஞ்சின் வைத்த ஃபார்முலா ஒன் காரே இல்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தில் மாங்க்ஸ் நார்ட்டன் என்ற பந்தய பைக்கின் எஞ்சினுக்கு ஏக கிராக்கி. கம்பெனியோ தனி எஞ்சின் தரமாட்டேன் என்றது. பணம் உள்ளவர்கள் முழு பைக்கை வாங்கி எஞ்சினை உருவிக்கொண்டு மிச்சத்தை விற்றார்கள். அந்தச் சட்டகத்தில் ட்ரயம்ப் எஞ்சினைப் பொருத்தி வேறு சிலர் பைக் ஆக்க, அதற்கு ட்ரைட்டன் என்று பெயர் வந்தது. அங்கே கார்க்காரன் கழித்ததில் பைக்காரன் பிழைத்தான். ஓஹையோவில் பைக்காரன் கவிழ்ந்ததில் கார்க்காரன் பிழைக்கிறான்.

எடைமேடை அருகே ஒருவர் குரலை உயர்த்துகிறார். பைக் எஞ்சின்காரர்களில் ஒருவர்.

“மூச்சு முட்டுது அதுக்கு. இந்தத் தகட்டைப் பாருங்க!”

தகடு என்பது எஞ்சினுக்குள் காற்று போகும் வழியைக் குறுக்கும் ரெஸ்ட்ரிக்டர். புதிய எஞ்சினை அப்படியே விட்டால் பழைய கார்கள் ஒரே சீசனில் கொட்டகைக்குப் போய்விடும் என்பதால் கிளப் போட்ட கடிவாளம். அதோடு பைக் எஞ்சின் கார் கூடுதல் எடையும் சுமக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் இந்த அளவுகளைப் பற்றித்தான் சண்டை. இரண்டு ஸ்ட்ரோக்காரர்கள் துளை பெரிது என்பார்கள், பைக்காரர்கள் சிறிது என்பார்கள். இரு தரப்பும் சம அளவில் எரிச்சலோடு இருந்தால் துளை சரியாக இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். அதிகாரி பதில் சொல்லவில்லை. காகிதத்தில் எடையைக் குறித்துக்கொண்டு அடுத்த காரை மேலே தள்ளச் சொல்கிறார். தள்ளத்தான் வேண்டும். எந்த எஞ்சினானாலும் இந்தக் கார்களுக்கு ரிவர்ஸ் கிடையாது.

பெரியவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளும்போது அந்தப் பெண் ஓடிவந்து அவர் தோள்பட்டை வார்களை இழுத்து இறுக்குகிறாள்.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

இழுக்கிறாள். பிறகு போய்த் தன் காரில் ஏறிக்கொள்கிறாள். அவளுக்கு வாரை இறுக்க யார் வந்தார்கள் என்று நான் கவனிப்பதற்குள் நீலப்புகை மறைத்துவிட்டது.

பந்தயத்தைக் காதால் பார்க்க வேண்டும். கீஹோல் என்னும் வளைவிலிருந்து நீண்ட நேர்பாதைக்குள் வருகின்றன கார்கள். பெரியவரின் கார் ஒரே சுருதி. மாவு மில்லில் பெல்ட் ஓடுவது போல, ஏறாமல் இறங்காமல், எஞ்சின் தன் உச்ச சக்தியிலேயே நிற்க, கார் மட்டும் வேகம் கூடிக்கொண்டே போகிறது. கண்ணை மூடிக்கொண்டால் கார் வேகமெடுப்பதே தெரியாது. பின்னால் அந்தப் பெண்ணின் கார் வீறிட்டு ஏறி, ஒரு நொடி அறுந்து, மறுபடி ஏறி, மறுபடி அறுந்து, ஒவ்வொரு கியராகப் படியேறி வருகிறது. வளைவிலிருந்து புறப்படும்போது பெரியவருக்கு இரண்டு கார் நீளம் லாபம். எந்த கியர் என்ற கேள்வியே அவருக்கு இல்லையே. நேர்பாதையின் பாதியில் அவள் அதை வசூலித்துவிடுகிறாள். அடுத்த வளைவில் இருவரும் ஒன்றாகவே பிரேக் போடுகிறார்கள். மறுபடியும் மாவு மில் முன்னே. கடைசிச் சுற்றுவரை இப்படியே. முடிவில் யார் முந்தினார் என்பதைப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

கார்கள் திரும்பிவந்து, சூட்டில் டிக் டிக் என்று சத்தமிட்டபடி நிற்கின்றன. தொப்பி வைத்த ஒருவர் பெரியவரிடம் வருகிறார். அவரிடமும் இரண்டு ஸ்ட்ரோக் கார்தான் போலும். சிலிண்டர் ஒன்றில் கீறல் விழுந்துவிட்டது, உபரி இருக்குமா என்று கேட்கிறார்.

“இருக்கு. ஆனா குடுக்கறதுக்கு இல்ல.”

“என்ன விலைன்னாலும் சொல்லுங்க.”

“நான் ஓட்டறவரைக்கும் வேணும்ல?”

கடுமையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தொப்பிக்காரரும் எதிர்பார்த்தது போலத் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பிறகு அடுத்த கூடாரத்துப் பக்கம் மெல்ல நகர்ந்து, திறந்துகிடந்த பைக் எஞ்சினை எட்டிப் பார்த்தார்.

யமஹா தன் ஆர்6 பைக்கை அமெரிக்கச் சாலைகளுக்கு விற்பதை 2020 மாடலோடு நிறுத்திவிட்டது. 600 சிசி பந்தய ரக பைக்குகளுக்கு முன்பிருந்த மவுசும் இல்லை. இந்த ஊற்றும் ஒருநாள் வற்றும், அப்போது இதே பேடாக்கில் யாரோ மின்மோட்டாரை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். தொப்பிக்காரருக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. தன் காரின் சட்டகத்தை மனசுக்குள் நிறுத்திப் பார்க்கிறார் போலிருந்தது. இரண்டு கைகளையும் விரித்து எஞ்சினின் அகலத்தைக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இது எத்தனை இஞ்ச் வரும்?”

அந்தப் பெண் வாய் நிறையத் தண்ணீரோடு இருந்தாள். பதிலுக்குக் கருவிப் பெட்டியிலிருந்து அளவு டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

“நீங்களே அளந்துக்கங்க. எக்ஸாஸ்ட் இன்னும் சூடா இருக்கு, பார்த்து.”