மீட்டர் சைபர் காட்டினால்

மூங்கில்துறைப்பட்டைச் சுற்றி எங்கே திரும்பினாலும் கரும்பு. தென்பெண்ணைக் கரை, ஊரிலேயே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. கரும்புக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு மோட்டார் ஓட வேண்டும், ஓடுகிற மோட்டார் ஒருநாள் எரியும். அதனால் காயில் கட்டும் கடைகளுக்கு இந்தப் பக்கம் வேலை ஓய்வதில்லை. அப்படியொரு கடைக்காரரோடு அவர் வேலை பார்க்கும் கொல்லைகளுக்குப் போனேன். காயில் கட்டுவதைப் பற்றி எழுதத்தான் கிளம்பினேன். மீட்டர் பிடிக்கும் அவர் கையைப் பார்த்த பிறகு எழுத வேண்டியது இதுதான் என்று பட்டது.

“மோட்டார் எடுக்கலண்ணா, உறுமுது. உடனே ஆஃப் பண்ணிட்டேன்” என்றார் கொல்லைக்காரர். கொட்டகைக்குள் ஸ்டார்ட்டர் பெட்டி. காலடியில் ஈர மண். அண்ணன் முதலில் ஒரு காய்ந்த பலகையைப் போட்டு அதன்மேல் நின்றார். மீட்டரின் இரண்டு வயர்களையும் முனையிலிருந்து முனைவரை விரலால் வளைத்துப் பார்த்தார், தோல் வெடித்திருக்கிறதா என்று. அடுத்து, சிவப்பு வயர் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்று குனிந்து பார்த்தார்.

அந்த ஒரு பார்வையில் உயிர் இருக்கிறது. வோல்ட் ஓட்டையில் மீட்டர் பெரும் தடையாக நிற்கும். கரண்ட் உள்ளே புகாது. ஆம்ப்ஸ் ஓட்டையில் தடையே இல்லாதது போலத்தான். அதில் வயரை விட்டுவிட்டு இரண்டு பேஸுக்கு நடுவே வைத்தால் 415 வோல்ட்டை நேராக ஷார்ட் செய்ததாகிவிடும். நல்ல மீட்டரில் அதைத் தாங்கி அறுந்துபோகும் பியூஸ் இருக்கும். விலை மலிந்த பல மீட்டர்களில் 10 ஆம்ப்ஸ் ஓட்டைக்குப் பியூஸே கிடையாது, கையிலேயே வெடிக்கும். மீட்டரின் முகத்தில் ‘கேட் 3, 600 வோல்ட்’ என்பதுபோல் அச்சிட்டிருப்பது, அது எந்த வகை இணைப்பில், எத்தனை வோல்ட்வரை தாங்கும் என்பதைத்தான். காயில் கட்டும் கூலியை எண்ணிக் கொடுக்கும் நாம், கட்டுகிறவர் கையில் எந்த மீட்டர் இருக்கிறது என்று கேட்பதே இல்லை. கேட்க வேண்டும்.

சிவப்பு பேஸுக்கும் மஞ்சள் பேஸுக்கும் நடுவே 410 வோல்ட். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் வைத்தபோது எண் நிலைகொள்ளாமல் ஆடியது. உதவிக்கு வந்த தம்பி, “கொஞ்சம் வருதுண்ணா” என்றான். வரவில்லை. பக்கத்தில் ஓடும் உயிருள்ள வயரின் தூண்டலில், செத்த வயரிலும் டிஜிட்டல் மீட்டர் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டும். அண்ணன் பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். இரண்டு பல்பை சீரிஸில் கட்டியது. ஒற்றைப் பல்பு இரண்டு பேஸுக்கு நடுவே தாங்காது. லேம்ப் எரியவில்லை. நீலத்தில் பியூஸ் போயிருந்தது.

மெயினை இறக்கி, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மும்முனை மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிற கொல்லை இது. வந்தவுடன் தானே ஓட ஆட்டோ வேறு மாட்டியிருக்கிறார்கள். ஒரு நிமிடம் இல்லாத கரண்ட் அடுத்த நிமிடம் வரலாம். ஸ்டார்ட்டரில் மீட்டரை வைத்தார்: சைபர். உடனே கை வைத்துவிடவில்லை. மெயினுக்கு மேலே, கரண்ட் இருப்பது தெரிந்த முனைகளில் மறுபடி வைத்தார்: 410.

“மீட்டர் செத்துப் போயிருந்தாலும் சைபர்தான் காட்டும் சார்.”

தம்பிக்கு இதெல்லாம் நேரம் கடத்துவதாகத் தெரிந்தது போல. கடைகளில் வேலை கற்கும் பையன்கள் வேகத்தைத்தான் முதலில் கற்கிறார்கள். அந்தச் சரிபார்ப்புக்குப் பிடித்ததோ சில நொடிகள்.

கருகிய பாயின்ட்டைத் தேய்த்து, புதுப் பியூஸ் போட்டு, மோட்டாரை ஓட விட்டதும் கிளாம்ப் மீட்டரால் மூன்று வயரையும் தனித்தனியே கவ்விப் பார்த்தார். ஏறக்குறைய ஒரே ஆம்ப்ஸ். பிறகு மூன்றையும் சேர்த்துக் கவ்வினார். எண் சைபரில் நின்றது. பெரிய கசிவு இருந்தால் இங்கே எழும்பியிருக்கும். சிறிய கசிவுக்கு, காப்புத் தடையை அளக்கும் மெகர்தான். மோட்டாரை நிறுத்தி, கட்டைகளை மறுபடி பிடுங்கி, மீட்டரில் பார்த்துவிட்டு, கேபிளைக் கழற்றினார். மெகர் 500 வோல்ட் தள்ளும் என்பதால், கொல்லைக்காரரைக் கேபிளைவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்.