முன்கண்ணாடி

வாப்பா விட்டுப்போனவற்றில் நானும் தம்பியும் பங்கு பிரிக்க முடியாமல் நின்றது ஒரு மொறிஸ் மைனர் காரில்தான். 1958ஆம் ஆண்டு வண்டி. 1956இல் இரண்டு துண்டு முன்கண்ணாடி போய் ஒரே வளைவுக் கண்ணாடி வந்ததே, அதற்குப் பிந்தியது. விற்றுப் பங்கு தாங்க என்றான் அவன். விற்க மாட்டேன் என்றேன் நான். அதோடு பேச்சு நின்று மூன்று வருடம்.

ஒவ்வொரு மாரிக்கும் கார் ஒழுகும். இடப்பக்கக் கால்விரிப்பு நனைந்து நாறும். நானும் வருடா வருடம் கண்ணாடி றப்பரின் வெளி ஓரத்தில் சிலிக்கோனைப் பூசிவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிடுவேன்.

சென்ற வருடம் கராஜ் பாஸ் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“சேர், தண்ணி விழுற இடம் வேற, பூருற இடம் வேற.”

என்னை டோர்ச்சோடு உள்ளே இருத்திவிட்டு, ஹோஸ் பைப்பைக் கீழ் ஓரத்தில் பிடித்து மெல்ல மெல்ல மேலே கொண்டுபோனார். வலது மேல்மூலைக்கு வந்ததும் தண்ணீர் வெடித்த றப்பருக்குள் இறங்கி, கீழ்விளிம்பு வழியே ஓடி, இடப்பக்கம் சொட்டியது.

கண்ணாடியைக் கழற்றியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நான் பூசிய சிலிக்கோன், உள்ளே போன தண்ணீரை வெளியேற விடாமல் பிடித்து வைத்திருந்தது. விளிம்புத் தகரத்தைக் கறள் தின்று, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிள்ளையின் பிழை எங்கிருந்து வருகிறதென்று பார்த்த பிறகே திருத்த வேண்டுமென்று ஆசிரியர் கலாசாலையில் படித்தவன் நான்.

கறளை வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்ட் பிடித்து, பெயின்ற் காய்ந்த பின் புது றப்பர் வந்தது. கண்ணாடி மாட்ட இரண்டு பேர் வேண்டும். றப்பரின் உட்பள்ளத்தில் நைலோன் கயிற்றைச் சுற்றி வைத்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அமுக்க, உள்ளே ஒருவர் கயிற்றை இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க றப்பரின் உதடு தகரத்தில் ஏறிப் பிடிக்கும். பாஸுக்குக் கையில் காயம். உதவிக்கு நிற்கும் பையனும் அன்று வரவில்லை. தம்பிக்குப் போன் எடுத்தேன்.

வந்தான். சலாம் சொன்னான். வேறொன்றும் பேசவில்லை. அவன் வெளியே, நான் உள்ளே.

“நாநா, மெதுவா இழுங்க. மூலையில சுருங்குது.”

மூன்று வருடத்தில் அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

கண்ணாடிக்கும் றப்பருக்கும் இடையில் இறுகாத சீலரைச் செலுத்திய பின், பாஸ் மீண்டும் ஹோஸைப் பிடித்தார். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

பங்குக் கதை இன்னும் தீரவில்லை. இந்த மாரிக்குக் காரை அவன் வீட்டு முற்றத்தில் விட்டிருக்கிறேன்.