அப்பத்தா சொன்ன கார் கதவு!

குண்டடத்தில் அந்த வீட்டு ஆசாரத்துச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. மாலையும் கழுத்துமாக மணமக்கள். அவர்களுக்குப் பின்னால், பாதி மட்டும் தெரிகிற ஒரு கார்.

"நம்ம அப்பாரு கல்யாணத்துக்கு அம்பாசிடர் கார் வந்துச்சு" என்று மகன் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். படத்தில் மணப்பெண்ணாக நிற்கும் அப்பத்தா மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அது பியட்டு கண்ணு. முன்னாடி கதவு பின்னால பாத்துத் தொறக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். எந்தக் காரிலாவது கதவு அப்படித் திறக்குமா? 80 வயது தாண்டிவிட்டது. மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே சில நாள் அவருக்கு மறந்துபோகிறது. இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தவர், பிறகு கார் பேச்சு வந்தாலே வாயைத் திறப்பதில்லை.

ஒரு கேள்வி வந்தது

பேரன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். விட்டுப்போன ஒரு தையல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால், தினமும் பார்க்கிற இந்தப் படத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

பழைய கார் என்றால் சோறு தண்ணி மறந்துவிடும் நண்பர் ஒருவர் கோவையில் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, வெளிச்சத்தில் வைத்து போனில் படமெடுத்து அவருக்கு அனுப்பினார். அது அவரிடமிருந்து இன்னும் சில கார் பிரியர்களின் கைக்குப் போனது. பதிலாகக் காரின் பெயர் வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது.

"முன்கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கு?"

பேரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கைப்பிடி கதவின் முன்பக்க ஓரத்தில், முன்கண்ணாடியை ஒட்டி இருந்தது. அப்படியென்றால் கீல் பின்பக்கம். கதவு பின்னால் பார்த்துத்தான் திறக்கும்!

அம்பாசிடரில் அப்படி இல்லை. அது பியட் 1100. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1954 முதல் தயாரித்த கார். அதன் ஆரம்பகால மாடல்களில் முன்கதவுகளுக்குக் கீல் பின்பக்கம்தான் இருந்தது. ஓடும்போது தாழ்ப்பாள் விட்டுவிட்டால் எதிர்க்காற்று கதவை விரியத் திறந்துவிடும் என்பதால், இந்த வகைக் கதவுக்கு வெளிநாடுகளில் 'தற்கொலைக் கதவு' என்றே பெயர். பிற்பாடு கீல் முன்பக்கம் மாறியது. இந்தக் காரின் வழியில் வந்ததுதான் நமக்கெல்லாம் தெரிந்த பிரீமியர் பத்மினி.

எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்?

பழைய கார் பிரியர்கள் வண்டியை முழுசாகப் பார்ப்பதைவிட அதன் உறுப்புகளைத்தான் பார்க்கிறார்கள். கதவுகளுக்குக் கீழே காலை வைத்து ஏறும் நீளப் படிப்பலகை இருந்தால், பெரும்பாலும் 1940-களோ அதற்கு முந்தையதோ. முன்கண்ணாடி நடுவில் கம்பியோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் அதுவும் பழசு. கதவுத் தூணிலிருந்து கை நீட்டுவதுபோல் வெளியே வரும் சிக்னல் இருந்தால், பெரும்பாலும் 1950-களுக்குள் வந்த ஐரோப்பிய மாடல்.

நம்பர் பிளேட்டும் பேசும். 'எம்' எழுத்தில் தொடங்கினால் மெட்ராஸ் என்ற பெயர் இருந்த காலத்துப் பதிவாக இருக்கலாம். ஸ்டீயரிங் இடதுபக்கம் தெரிந்தால் உடனே வெளிநாட்டு வண்டி என்று முடிவுகட்டக் கூடாது. நெகட்டிவைத் திருப்பிப்போட்டுப் பிரின்ட் எடுத்திருக்கலாம். எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றனவா என்று பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

பழைய வார இதழ்கள், தீபாவளி மலர்களில் வந்த கார் விளம்பரங்களையும் இவர்கள் பத்திரப்படுத்துகிறார்கள். எந்த வருடம் எந்த மாடல் வந்தது என்பதற்கு அவை சாட்சி. ஆனால், அதில் வரைந்த படத்தை அப்படியே நம்ப முடியாது. அமெரிக்காவின் பான்டியாக் கார் விளம்பரங்களுக்கு ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற ஓவியர் கார்களை வரைந்தார். இருப்பதைவிட அகலமாகத் தெரியும்படி வரைவது அவர் பாணி. அதனால், விளம்பரத்தில் வருடத்தைப் பார்த்துக்கொண்டு, வண்டியைப் புகைப்படத்தில் பார்க்க வேண்டும்.

நேரிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. 2015-ல் திறக்கப்பட்டது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயர் தாங்கியது. பழைய கார்களைச் சுற்றிவந்து கதவு, விளக்கு, கைப்பிடி என்று பார்த்துப் பழகிவிட்டால், வீட்டுப் படம் புதிதாகத் தெரியும்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம்

அன்று சாயங்காலம் மகன் தன் அம்மாவின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னதுதானுங்கம்மா சரி. அது பியட்டுதான். நாந்தான் இத்தனை வருசமா தப்பாச் சொல்லிட்டிருந்தேன்."

அப்பத்தா ஜெயித்துவிட்ட மாதிரியெல்லாம் காட்டிக்கொள்ளவில்லை. "பெரிசு பண்ணித் தெரியுமாமே, காட்டு சாமி" என்று பேரனிடம் போனைக் கேட்டார். முன்கதவு ஜன்னலுக்கு மேல் விரலை வைத்தார். அங்கே மங்கலாக ஒரு சின்ன முகம். இத்தனை காலம் எல்லோரும் அதைக் கண்ணாடியில் விழுந்த நிழல் என்றே நினைத்திருந்தார்கள்.

"எந்தம்பி. அப்ப எட்டு வயசு. கார விட்டு எறங்கவே மாட்டேன்னுட்டான். வர்ற வழியெல்லாம் அந்தத் தாழ்ப்பாள நோண்டிக்கிட்டே வந்தான். 'அம்மிணி, தம்பியப் புடிச்சுக்கங்க, கதவு காத்துக்குத் தொறந்துக்கும்'னு டிரைவர் சத்தம் போட்டாரு. நான் பின்னால இருந்து அவன் சட்டையப் புடிச்சுக்கிட்டே வந்தேன்."

தாராபுரத்திலிருந்து ஒருநாள் வாடகைக்கு வந்த கார் அது. கல்யாணப் பெண் தன் முதல் கார் பயணத்தில் ஊரை வேடிக்கை பார்க்கவில்லை. தம்பியின் சட்டையைப் பிடித்தபடியே வந்திருக்கிறார். அந்தத் தம்பி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவருடைய சிறுவயதுப் படம் என்று வேறெதுவும் அந்தக் குடும்பத்தில் இல்லை. அப்பத்தாவுக்குக் கதவு மறக்காததற்குக் காரணம், அந்தக் கதவுக்குப் பக்கத்தில் தம்பி இருந்ததுதான்.

இப்போது அந்தப் படத்தின் நகல் தம்பியின் பிள்ளைகள் வீட்டுக்கும் போயிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு படம் இருக்கலாம். போனில் எடுத்து அனுப்பும்போது ஓரங்களை வெட்டிவிடாதீர்கள். படத்தின் பின்புறத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ இருக்கக்கூடும். காரின் பெயரைச் சொல்ல ஆட்கள் கிடைப்பார்கள். காருக்குள் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வீட்டில் ஒருவர்தான் இருப்பார். அவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சொல்வது நம்ப முடியாததாக இருந்தாலும், சிரிப்பதற்கு முன் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.